வீட்டில் வேறு ஆள் இல்லை

புஷ்பவதி சமையலறைக் கத்தியை யன்னல் சட்டத்துக்குள் செருகி நெம்பிக்கொண்டிருந்தாள். முன்பு குடியிருந்த யாரோ யன்னலோடு சேர்த்தே சுவருக்குப் பெயின்ற் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பிள்ளைக்குத் தனி அறை வேண்டும், அந்த அறை யன்னல் திறக்கவேண்டும் என்று பிள்ளைகள் நல அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். கத்தி வளைந்தது, யன்னல் திறந்தது. ரொக்ஸ்பரோவின் பெப்ரவரிக் குளிர் முகத்தில் அறைந்தது. திறக்கிறது, அது போதும். உடனே சாத்தினாள்.

வளர்ப்புக் குடும்பமாகப் பதிவதற்குக் கேட்ட மற்றதெல்லாம் அவளிடம் இருந்தது. குடியுரிமை இருந்தது. முதியோர் இல்லத்தில் நிரந்தர வேலை. முதலுதவிச் சான்றிதழை வேலைக்காக எப்படியும் புதுப்பித்தே வந்தாள். டொக்டர் உடம்பைச் சோதித்து எழுதிக் கொடுத்துவிட்டார். புருஷன் போய்ச் சேர்ந்து கனகாலம். தனியாள் என்பது தடையில்லை என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜெயனிக்கு அவளைத் தெரியும்.

ஜெயனி பக்கத்து வீட்டு ஷெரோனின் மகள், எட்டு வயது. ஷெரோனுக்கு மனநோய் முற்றி ஆஸ்பத்திரியில் மறித்துவிட்டார்கள். எப்போது விடுவார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளை தற்காலிகமாக எங்கோ ஒரு வீட்டில் இருந்தது. தெரிந்தவர் பொறுப்பெடுத்தால் அவரிடமே கொடுப்போம், இல்லாவிட்டால் வடக்கே தூரத்தில் ஒரு குடும்பம் இருக்கிறது, அங்கே அனுப்புவோம் என்று சமூகசேவகி மிரேய் சொல்லியிருந்தாள். தாய் குழம்பியிருந்த நாட்களில் ஜெயனி பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்தது புஷ்பவதியின் குசினிக்குத்தான். அவள் சோறு போட்டு, தலை இழுத்துப் பின்னிவிடுவாள்.

இடைஞ்சல் கீழே, பேஸ்மென்றில் இருந்தது. அவளுடைய தம்பி பேரின்பநாயகம், வீட்டில் கூப்பிடுவது இன்பம் என்று. வீட்டிலிருக்கும் பெரியவர்கள் எல்லாருடைய பொலிஸ் பதிவையும் பார்ப்பார்கள். இன்பம் ஒருகாலம் குடித்துவிட்டுக் கார் ஓடி, மூலைக்கடைச் சுவரை இடித்தவன். பிறகு குடியை விட்டான், காரையும் விட்டான். பதிவு மட்டும் அவனை விடவில்லை.

கூட வேலை செய்யும் வினோஜாதான் வழி சொன்னாள்.

"அக்கா, உங்களுக்கென்ன விசரே? தம்பி இருக்கிறார் எண்டு சொன்னியளெண்டால் ஃபைலை மூடிப்போடுவினம். தனிய இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ. பேந்து பாப்பம்."

அதை வினோஜா சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. யுத்த காலத்தில், மட்டக்களப்பில் படலையில் ஆமி தட்டினால், ஆம்பிளைகள் பின்பக்கத்தால் வாவிக்கரைப் பற்றைக்குள் இறங்கிவிடுவார்கள். புஷ்பவதி முன்னுக்கு வந்து நிற்பாள். "வீட்டில வேற ஆள் இல்லை, ஐயா." இன்பம் உயிரோடிருப்பது அந்தப் பொய்யால். துவக்குப் பிடித்தவன் கேட்டாலென்ன, கழுத்தில் அலுவலக அட்டை தொங்குகிறவள் கேட்டாலென்ன, வீட்டில் யார் யார் என்றால் அவளுடைய நாக்கு ஓர் ஆளைக் குறைத்துத்தான் சொல்லும்.

"இந்த வயசிலயும் என்னை ஒளிக்கிறீங்க" என்றான் இன்பம், மிரேய் வீடு பார்க்க வரும் நாளில், சப்பாத்துக் கட்டிக்கொண்டே.

"அந்த வயசிலயும் உனக்கு வாய்தான். இருட்டின பிறகு வா. ஓடு."

அவனுடைய மற்றச் சப்பாத்துகளைத் தூக்கி உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குள் போட்டு மூடினாள்.

பின்னேரம் மிரேய் வந்தாள். யன்னலைத் திறந்து பார்த்தாள். புகை மணியை அழுத்திப் பார்த்தாள். மருந்து அலுமாரியின் பூட்டை இழுத்துப் பார்த்தாள். வேறு யாரும் இங்கே இருக்கிறார்களா என்று கேட்டாள்.

"இல்லை. நான் மட்டும்தான்."

மிரேய் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, நல்ல அறை என்று சொல்லி எழும்பினாள். அதற்குள் பனி கொட்டித் தள்ளியிருந்தது. காரின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று உறுமின. புஷ்பவதி கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, தெருமுனையில் இன்பம் நின்றான். பஸ் வரவில்லை. போகும்படி அவள் தலையை அசைத்தாள். அவன் அதைக் கண்டான். சேற்றுப்பனியில் மாட்டிய காரையும் கண்டான். நேரே வந்து, பக்கப் படிக்குக் கீழே கையை விட்டு, தானே வைத்த இடத்திலிருந்து எடுப்பதுபோல் பனி அள்ளும் சவளை எடுத்தான். வெட்டினான், தள்ளினான். கார் வெளியே வந்தது.

மிரேய் கண்ணாடியை இறக்கி நன்றி சொன்னாள். பக்கத்து வீடா என்று கேட்டாள்.

ஒளித்திருந்து அலுத்துப்போனானோ, கேட்டதற்குப் பதில் சொன்னானோ தெரியாது. இன்பம் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னான்: இவ என்னுடைய அக்கா. நான் இங்கேதான், கீழே.

மிரேய் காரை நிறுத்தினாள். சப்பாத்தைக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்து, முழுக் கதையையும் கேட்டாள்.

"அது பழைய குற்றம், மதாம். ஒருவருக்கும் காயமில்லை. சொல்லியிருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம். ஓர் ஆளை ஒளித்துவைத்த வீட்டில் நான் எப்படிப் பிள்ளையை விடுவேன்?"

முதியோர் இல்லத்தில் ஒரு கிழவி விழுந்ததை யாராவது மறைத்தால் புஷ்பவதியும் இதே கேள்வியைத்தான் கேட்பாள். மீண்டும் முதலிலிருந்து விண்ணப்பிக்கலாம், மாதக்கணக்கில் எடுக்கும் என்றாள் மிரேய். பிள்ளை அதுவரை காத்திருக்க முடியாது. இந்த வாரமே வடக்கே போகிறது.

இரவு இன்பம் சோற்றைப் பிசைந்தபடி இருந்தான்.

"நான் வேற இடம் பாக்கிறன், அக்கா."

"இனிப் போய் என்னத்துக்கு? தின்னு."

அடுத்தநாள் காலை அவள் தேங்காயெண்ணெய்ப் போத்தலையும் அகலப் பல்லுச் சீப்பையும் ஒரு பையில் போட்டு, ஜெயனிக்கு என்று அலுவலக வரவேற்பில் கொடுத்தாள். முதலில் எண்ணெய் வைக்கவேண்டும், நுனியிலிருந்து சிக்கெடுக்கவேண்டும், மேலிருந்து இழுத்தால் பிள்ளை அழும் என்று சொன்னாள். அங்கிருந்த பெண் தலையாட்டினாள், எழுதிக்கொள்ளவில்லை.

அங்கிருந்து அவளும் இன்பமும் பொலிஸ் நிலையத்துக்குப் போனார்கள். இன்பம் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சேர்ட் போட்டிருந்தான். புது விண்ணப்பத்துக்கு இன்பத்தின் பொலிஸ் பதிவு எடுக்க வந்திருக்கிறோம் என்றார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் வீட்டு விலாசம் கேட்டார். இன்பம் அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"சொல்லு" என்றாள்.

அவன் சொன்னான்.