தோழியின் தங்கை விழுந்த ஆட்டம்

2012 நவம்பர் தொடக்கத்தில், விடிந்தும் விடியாத ஒரு காலையில், என் தோழியின் தங்கை விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவள் விழுந்தது ஆபிரிக்காவில். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது சிட்னியின் வெஸ்ட்மீட்டில், ஸ்டேஷனுக்குப் பின்புறமிருந்த ஒரு மாடிக் குடியிருப்பில், தோழியின் கட்டிலில் சாய்ந்தபடி, அவளுடைய பழைய மடிக்கணினியில்.

நாங்கள் இருவரும் ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை செய்தோம். நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகள் ஓடும் பெல்ட்டுக்கு இருபுறமும் எதிரெதிரே நிற்போம். அவள் அட்டையைப் பார்த்து யாருக்கு என்ன என்று சொல்லுவாள், நான் எடுத்து வைப்பேன். மேற்கு ஆபிரிக்காவில் பிரெஞ்சு பேசும் ஒரு நாடு அவளுடையது. எந்த நாடென்று எழுதவேண்டாம் என்று கேட்டிருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம்தான். அவள் சொன்னதை எல்லாம் இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

அவளுடைய தங்கை நாட்டின் பெண்கள் உதைபந்தாட்ட அணியில் பின்வரிசை ஆட்டக்காரி. ஆபிரிக்க நாடுகளின் பெண்கள் அணிகள் மோதும் சுற்றுப்போட்டி அந்த நேரம் நடந்துகொண்டிருந்தது. தங்கை அங்கே போனது வீட்டில் தாய்க்குத் தெரியாது. பெண்பிள்ளை அரைக்காற்சட்டையோடு ஊர் பார்க்க ஓடுவது தாய்க்குப் பிடிக்காது. பக்கத்து நகரத்தில் தாதிப் பயிற்சி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அந்தப் பொய்யைக் கட்டிக்கொடுத்ததே என் தோழிதான்.

எனக்கு உதைபந்தாட்டத்தில் எதுவும் தெரியாது. ஆனால் தனியாகப் பார்க்கப் பயமாக இருக்கிறது, வா என்று கூப்பிட்டாள். அன்று தோற்றால் அவர்களுடைய அணி வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வேலை பத்து மணிக்குத்தானே என்று நானும் போனேன்.

படம் நின்று நின்று ஓடியது. தங்கையைத் தோழி விரலால் தொட்டுக் காட்டினாள். தலையில் வெள்ளைப் பட்டி கட்டிய உயரமான பெண். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் பந்து உயரமாக வந்தது. தங்கை துள்ளினாள். எதிரணிப் பெண்ணும் துள்ளினாள். இரண்டு தலைகளும் மோதின. எதிரணிப் பெண் நெற்றியைப் பிடித்துக்கொண்டு எழும்பிவிட்டாள். தங்கை எழும்பவில்லை. விழும்போதே கைகளை ஊன்றாமல், ஒரு மூட்டை சரிவது போல அவள் விழுந்திருந்தாள். சுற்றி நின்ற பெண்கள் இரண்டு கைகளையும் ஆட்டி வெளியே நின்றவர்களைக் கூப்பிட்டார்கள். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிலத்தில் குந்தினாள். அந்த இடத்தில் படம் நின்றுவிட்டது.

தோழி மடிக்கணினியைத் தட்டினாள். மூடித் திறந்தாள். மறுபடி படம் வந்தபோது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. தங்கையின் இடத்தில் வேறொரு பெண் ஓடிக்கொண்டிருந்தாள். வர்ணனை செய்தவர் விழுந்தவளைப் பற்றி ஏதாவது சொல்கிறாரா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பிறகு இணைப்பு முழுதாகவே போய்விட்டது.

தங்கையின் தொலைபேசி அணைந்து கிடந்தது. பயிற்சியாளரின் தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. தாயிடம் கேட்கலாம் என்றால், எதைச் சொல்லிக் கேட்பது? வேறு யாருடைய இலக்கமும் தோழியிடம் இல்லை. அவள் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு திரும்பத் திரும்ப அழைத்தாள். இன்று வேலைக்குப் போகவேண்டாம், நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். வீட்டில் இருந்தால் எனக்கு விசர் பிடித்துவிடும் என்றாள். இரண்டு பேரும் ரயில் ஏறினோம்.

ரயிலில் வைத்து அவள் தன் தொலைபேசியை என் கைக்குள் திணித்தாள்.

"நீயே வைச்சிரு. அடிச்சால் நீ எடு. எனக்குக் கேக்க ஏலாது."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தத் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்த நேரம் தொடக்கம் என்னைப் பிடித்த பயம் அவளுடைய பயத்துக்குக் குறைந்ததல்ல. 2009இல் வன்னியில் இருந்த என் தம்பியைப் பற்றிய செய்திக்காக இதே சிட்னியில் நான் மாதக்கணக்கில் தொலைபேசியும் கையுமாக இருந்தவள். கடைசியில் ஒருநாள் அடித்தது. முன்பின் தெரியாத ஒரு பெண். அவள் எதுவும் சொல்வதற்கு முன்பே அழுதாள். அந்த அழுகையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு தொலைபேசியில் யாராவது மூக்கை உறிஞ்சினாலே எனக்குக் கால் விறைத்துப்போகும். இதை நான் தோழிக்குச் சொன்னதில்லை.

குசினியில் தொலைபேசி வைத்திருக்கக் கூடாது. ஏப்ரனுக்கு உள்ளே ஒளித்து வைத்தேன். பெல்ட் ஓடத் தொடங்கியது. தோழி அட்டைகளை வாசித்தாள், ஆனால் நினைவு எங்கேயோ இருந்தது. சீனி வருத்தக்காரரின் தட்டுக்கு இனிப்பு ஜெலி என்று சொன்னாள், நானும் வைத்துவிட்டேன். எங்களுடைய மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர். அவர் அதைக் கண்டு எடுத்துவிட்டு, தோழியை அட்டை வாசிக்கும் வேலையிலிருந்து விலக்கி, ட்ரொலியோடு வார்டுகளுக்கு அனுப்பினார். ஏசவில்லை. இவளுக்கு என்ன நடந்தது என்று என்னிடம் கண்ணால் கேட்டார். பிறகு சொல்கிறேன் என்று நானும் கண்ணாலேயே சொன்னேன்.

தோழி போய்க் கொஞ்ச நேரத்தில் ஏப்ரனுக்குள் அது அதிர்ந்தது.

கையுறையோடே எடுத்தேன். எனக்குத் தெரியாத நீளமான இலக்கம். ஹலோ என்றேன். மறுபக்கத்தில் ஒரு பெண் கதறி அழுதாள். இடையிடையே பிரெஞ்சில் என்னவோ வேகமாகச் சொன்னாள். எனக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சொல்தான். மமா, மமா என்றாள். அம்மாவைக் கூப்பிட்டு அழுகிறாள் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்திலும் சாவீட்டில் அப்படித்தானே அழுவார்கள். ஆங்கிலத்தில் சொல்லுங்கள், ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவள் இன்னும் கூடவாக அழுதாள். பிறகு தொடர்பு அறுந்துவிட்டது.

சூப் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தட்டுகள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. இதை நான் போய்ச் சொல்லவேண்டும். என்னவென்று சொல்லுவேன்? உன் தங்கையைப் பற்றி யாரோ அழுதார்கள் என்றா? தெரியாத ஒன்றைச் சொல்லி அவளைக் கொன்றுபோடுவேனோ என்று பயம். சொல்லாமல் நிற்கவும் பயம்.

அப்போதுதான் பாண்டிச்சேரிக்காரரின் ஞாபகம் வந்தது. நோயாளிகளைக் கட்டிலோடு ஸ்கேனுக்கும் சத்திரசிகிச்சைக்கும் தள்ளிக்கொண்டு போகிற இளைஞர் அவர். தன் குடும்பத்தில் எல்லோரும் பிரெஞ்சு பேசுவார்கள் என்று கன்ரீனில் ஒருநாள் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

"அன்ரி, ஒருக்காப் போட்டு வாறன்," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஓம், போ. உன்ர இடத்தில நான் நிக்கிறன்."

லிஃப்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியால் ஏறினேன். எக்ஸ்ரே பகுதிக்கு வெளியே வெறுங்கட்டிலோடு நின்றிருந்தார் அவர். மூச்சு வாங்கியபடி விஷயத்தைச் சொன்னேன். அவரும் பயந்துபோனார். சாவுச் செய்தியை மொழிபெயர்க்க யாருக்குத்தான் விருப்பம்? ஆனாலும் தொலைபேசியை வாங்கி, வந்த இலக்கத்துக்கே திருப்பி அழைத்தார்.

அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏதோ கேட்டார். கேட்டுக்கொண்டிருந்தார். புருவம் சுருங்கியது. வீ, வீ என்று ஆமோதித்துத் தலையாட்டினார். பிறகு தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, பயப்படாதீங்க. அழுறது அந்தப் பொண்ணேதான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. எந்தப் பெண் என்று கேட்டேன்.

"அடிபட்ட பொண்ணுதாங்க. மயங்கிட்டாங்களாம். ஆஸ்பத்திரில படுக்க வச்சிருக்காங்க, ஸ்கேன் எல்லாம் எடுத்தாச்சு. மேட்ச் தோத்துப்போச்சுன்னு இப்பதான் யாரோ வந்து சொன்னாங்களாம். அதுக்குத்தான் இந்த அழுகை. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு வேற கெஞ்சுறாங்க."

அவளுடைய தொலைபேசி மைதானத்தில் கிடந்த பைக்குள் மாட்டிக்கொண்டதாம். ஒரு தாதியின் தொலைபேசியை இரவல் வாங்கித்தான் அழைத்திருக்கிறாள்.

இரண்டு பேருமாகத் தோழியைத் தேடிப் போனோம். ஒரு வார்டின் வாசலில் ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு வந்தவள், நாங்கள் சேர்ந்து வருவதைக் கண்டாள். என் கையில் தன் தொலைபேசியையும் கண்டாள். ட்ரொலியை விட்டுவிட்டு, சொல்லாதே என்பது போலக் கையை நீட்டிப் பின்னுக்குப் பின்னுக்குப் போனாள். நான் கிட்டப் போகும்வரை காத்திருக்கவில்லை. நோயாளிகள் திரும்பிப் பார்க்கும்படி, உயிரோடு இருக்கிறாள் என்று ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னேன். அவள் நம்பவில்லை. என்னை விட்டுவிட்டு அந்த இளைஞரிடம் பிரெஞ்சில் கேட்டாள். அவர் சொன்னதைத் திரும்பவும் சொல்ல வைத்தாள். அந்த இலக்கத்துக்கே மறுபடி அழைத்துத் தங்கையின் குரலை நேரே கேட்ட பிறகுதான் நிலத்தில் குந்தி இருந்தாள். இருந்தபடியே தங்கையைத் திட்டினாள். எவ்வளவு நேரம் திட்டினாள் என்றால், அந்தப்பக்கத்து அழுகை நின்று சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது.

அன்று பின்னேரம் எனக்குத்தான் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

தாய்க்கு விஷயம் எப்படியோ போய்ச் சேர்ந்தது. தலை மோதி விழுந்த பெண்ணின் பெயரை வானொலியில் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்ட தேவாலயத்துப் பெண் ஒருத்தி, உன் மகள் எப்படி இருக்கிறாள் என்று விசாரிக்க வீட்டுக்கு வந்துவிட்டாள். தாய் இரண்டு மகள்மாரோடும் டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை வரை கதைக்கவில்லை. நத்தார் அன்று தானே தோழிக்கு அழைத்து, பிள்ளை விழுந்ததை நீ பார்த்தாயா என்று கேட்டாராம். பார்த்தேன் என்றாளாம்.

அடுத்த வருடம் தோழி மெல்பேர்னுக்கு மாறிப் போனாள். எப்போதாவது கதைப்போம். தங்கை மறுபடி விளையாடப் பார்த்தாளாம். வெயிலில் ஓடினால் தலையிடி வந்ததால் விட்டுவிட்டாள். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் சிறுமிகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறாள். உயரப் பந்துக்குத் துள்ள மட்டும் அவர்களை இன்னும் விடுவதில்லையாம்.