மூட்டம் போட்ட தக்காளி

தக்காளிச் செடிக்குக் கருகல் நோய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது கேட்டால், இன்றும் என்னால் முதலிலிருந்து கடைசிவரை தடங்கலில்லாமல் சொல்ல முடியும். ஓய்வு பெற்றுச் சமவெளிக்கு இறங்கிய பிறகு யாரும் கேட்கவில்லை. இங்கே தக்காளி குப்பைமேட்டில் விழுந்த விதையிலிருந்துகூட முளைத்து, காய்த்து, பழுத்துவிடுகிறது. அதற்கு எவருடைய ஆலோசனையும் தேவைப்படுவதில்லை.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் என்னைக் கொடைக்கானலுக்கு மாற்றினார்கள். அரசு அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தர் வேலை. ஏரிக்கு மேலே சரிவில் ஒரு வீடு ஒதுக்கினார்கள். இரண்டு அறை, தகரக் கூரை, பின்பக்கம் வேலி போட்ட சிறு தோட்டம். என் மனைவி பழனிக்காரி. அவளுடைய அப்பாவுக்கு அடிவாரத்தில் வாழைப்பழ மண்டி. பஞ்சாமிர்தத்துக்கு மலைப்பழம் கொடுக்கிற மண்டிகளில் அதுவும் ஒன்று. எங்கள் மகளுக்கு அப்போது இரண்டு வயது. மலைக்கு வந்த மறுமாதமே அவளுக்கு இருமல் வந்தது. போனது. மறுபடி வந்தது. பழனியில் இருந்தபோதும் இருமினாள் என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

ஆடி மாதத்தில் மாமனார் வத்தலக்குண்டு வழியாகப் பேருந்தில் வந்து சேர்ந்தார். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்த களைப்பு. சால்வையைக் காதோடு சுற்றிக்கொண்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்தவர், ஊருக்குத் திரும்பும்வரை அங்கிருந்து அதிகம் நகரவில்லை. முந்தைய பருவத்தில் மனைவி வளர்த்த தக்காளியில் மிச்சமிருந்தவை சன்னல் ஓரத்தில் பச்சையாகவே சுருங்கிக் கிடந்தன. அவர் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"இது என்னத்தா, கோலிக்குண்டு?"

"தக்காளிப்பா. இங்க பழுக்க நாளாகும்."

"தக்காளியே பழுக்காத ஊர்ல பச்சப்புள்ள எப்படித்தா வளரும்? நெஞ்செல்லாம் சளி கெடக்கு. நீயும் புள்ளயும் என்னோட வாங்க. மாப்ள சோலிய மாப்ள பாக்கட்டும்."

அவள் மறுத்தாள். குரல்கள் உயர்ந்தன. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

"சரி, மார்கழிக் கடைசில வருவேன். பூசக் கூட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி. அதுக்குள்ள ஒன் தோட்டத்துல வெளஞ்சது பழமாகி இருந்தா நான் வாயத் தொறக்கல. இல்லேன்னா பொட்டியக் கட்டு."

"கட்டுறேன். வந்து பாருங்க."

இந்த ஒப்பந்தத்தில் நான் ஒரு தரப்பு அல்ல. குழந்தையின் தகப்பன் என்ற முறையில் தகவலுக்காக எனக்கு ஒரு நகல் அனுப்பப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம். குடும்பத்தைப் பிரிந்து பணியாற்றுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. கடைவீதி ஓட்டலில் சாப்பாடும் கிடைக்கும். அந்தச் சாப்பாட்டை, குடும்பம் வருவதற்கு முன்பு, நான் ஏற்கெனவே சில மாதங்கள் சாப்பிட்டிருந்தேன் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

நாற்றுகள் நன்றாகவே வந்தன. புரட்டாசியில் பூத்து, ஐப்பசியில் காய் பிடித்தது. கூடவே மழையும் பிடித்தது. ஒரு நாள் காலையில் இலை ஓரங்கள் வெந்நீரில் நனைத்து எடுத்ததுபோல் துவண்டு கறுத்திருந்தன. இலையைத் திருப்பினால் அடியில் மாவு தூவியதுபோல் வெள்ளைப் பூஞ்சணம். உருளைக்கிழங்கில் வருகிற அதே கருகல். வேலிக்கு அந்தப் பக்கம் பலசரக்குக் கடை பாயின் உருளைக்கிழங்குப் பாத்தி இருந்தது. நோய் எங்கிருந்து வந்தது என்பதற்குத் தனி விசாரணை தேவைப்படவில்லை.

"பாய், உங்க கருகல் எங்க தோட்டத்துக்கு வந்துருச்சு."

"நான் அனுப்பலியே சார். காத்துதான அனுப்புச்சு? காத்துக்கு ஒரு மெமோ குடுங்க."

மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் அவர் கடையிலேயே வாங்கினேன். இரண்டையும் தனித்தனி மண்பானையில் கரைக்க வேண்டும். உலோகப் பாத்திரம் கூடாது. பிறகு ஒன்றாக ஊற்றிக் கலக்கி, தீட்டிய இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் அதில் பிடித்துப் பார்க்க வேண்டும். கத்தியில் செம்பு நிறம் ஏறினால் துத்தம் அதிகம், இலை வெந்துபோகும். இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்று கரைத்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். நோய் கண்ட இலைகளைக் கிள்ளி எரிக்க வேண்டும், குப்பைக்குழியில் போடக் கூடாது. மருந்தை இலையின் மேலே மட்டும் அடித்துத் திருப்திப்படக் கூடாது, அடியிலும் படவேண்டும். மழையில்லாத நேரம் பார்த்து அடிக்க வேண்டும் என்பது கடைசி விதி. ஐப்பசி மாதத்துக் கொடைக்கானல் அந்த விதியைக் கேள்விப்பட்டதில்லை.

ஆகவே நான் கொசு மருந்துப் பம்பால் அடிக்க, மருந்து காயும்வரை மனைவி ஒவ்வொரு செடிக்கும் மேலே குடை பிடித்தாள். பாய் வேலியோரம் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்.

"தக்காளிக்குக் குடையா தங்கச்சி? குளிருமே. ஒரு குல்லாயும் போட்டு விடுங்க."

"ஒங்க கெழங்குக்கு மொதல்ல மருந்தடிங்கண்ணே. அப்புறம் குல்லா தைக்கலாம்."

பாதிச் செடிகள் போயின. மீதி தண்டில் கறுப்புத் தழும்புகளோடு நின்றன. கார்த்திகையில் மழை ஓய்ந்தது. காய்கள் முழு அளவுக்கு வளர்ந்து, அத்துடன் தங்கள் கடமை முடிந்தது என்று நின்றுவிட்டன. இதற்கும் வழிமுறைகள் உண்டு. நுனிக்கொழுந்தைக் கிள்ளினேன். புதுப் பூக்களை உதிர்த்தேன். தண்ணீரைக் குறைத்தேன். செடி பயந்துபோய்ப் பழுக்கட்டும் என்று ஒரு பக்கத்து வேரை மண்வெட்டியால் வெட்டினேன். செடி பயப்படவில்லை. இரவில் அந்தக் குளிர் இருக்கிறவரை காய் நிறம் மாறாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன். வழிமுறை என்று ஒன்று இருந்தால் அதைச் செய்து முடித்த பிறகுதான் பயனில்லை என்று எழுத வேண்டும்.

மார்கழி முற்றியது. பாயின் சரக்கு லாரியில் வந்த ஓட்டுநர், மாமனார் இந்த வாரக் கடைசியில் புறப்படுகிறார் என்று பழனியிலிருந்து சேதி கொண்டுவந்தார். அன்று சாயங்காலம் மனைவி கூடையோடு தோட்டத்துக்குப் போனாள்.

"மூட்டம் போட்டுருவோம்ங்க."

"அது வாழைக்காய்க்கு."

"இதுவும் காய்தான?"

மண்டிகளில் வாழைத்தாரை மூடிய அறையில் அடுக்கி, புகை காட்டி, காற்றுப் புகாமல் அடைத்துப் பழுக்க வைப்பார்கள். அதைத்தான் மூட்டம் என்பது. அவள் சிறு வயதிலிருந்து பார்த்த வேலை. எங்கள் வீட்டில் அறைக்குப் பதிலாக ஒரு மரப்பெட்டி. அதை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, வைக்கோல் பரப்பி, காய்களை அடுக்கி, நடுவில் இரண்டு கனிந்த மலைப்பழங்களை வைத்தாள். ஒரு சட்டியில் தேங்காய் நாரைப் புகையவிட்டுச் சிறிது நேரம் உள்ளே இறக்கி எடுத்துவிட்டு, ஈரச் சாக்கால் மூடினாள். வேலை செய்யப்போவது வெதுவெதுப்பும் கனிந்த பழமும்தான், புகை வீட்டாருக்கு மட்டும்தான் என்பது என் கருத்து. நான் வற்புறுத்தியது ஒன்றே ஒன்று: காம்போரம் சாம்பல் நிறக் கறை உள்ள காயை உள்ளே வைக்கக் கூடாது. செடியில் இருக்கும்போது கறையாகத் தெரிவது கதகதப்பில் அழுகலாகிப் பக்கத்துக் காய்க்கும் தாவும். அவள் அதை மட்டும் கேட்டாள். பறிக்கும்போதே விளக்கைப் பிடித்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, கறை இருந்தவற்றைப் பறிக்காமலே செடியில் விட்டுவிட்டாள்.

மாமனார் வந்த அன்று பெட்டியில் பாதி மஞ்சளாகவும் ஒரு கை அளவு சிவப்பாகவும் இருந்தது. சிலது அழுகியிருந்தது. அழுகியவற்றை வெள்ளனே எழுந்து வெளியே புதைத்துவிட்டாள்.

சாப்பாட்டில் அந்தத் தக்காளியில் வைத்த ரசத்தை ஊற்றிவிட்டு, மீதமிருந்த சிவப்புத் தக்காளிகளைத் தட்டில் வைத்து அவர் முன்னால் நகர்த்தினாள். அவர் ஒன்றை எடுத்துக் காம்போரம் கட்டைவிரலால் அழுத்தினார். மூக்கருகே கொண்டுபோனார். பழ மண்டிக்காரரிடம் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"மூட்டம் போட்டியாத்தா?"

"ஆமா."

"அப்ப இது செல்லாது. பழுத்தது வேற, பழுக்க வச்சது வேற."

"ஒங்க மண்டில மரத்துலயே பழுத்தது ஒரு சீப்பு காட்டுங்கப்பா, இப்பவே பொட்டி கட்டுறேன். ஊரே அதத்தான பழமுன்னு திங்குது? மலை மேல இருக்க முருகனுக்கே அதத்தான குடுக்குறீங்க?"

அவர் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, கேட்டீங்களா இவ பேச்ச?"

கேட்டேன் என்றேன்.

சோற்றைக் குழித்துக்கொண்டார். "அந்த ரசத்த இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்றார். தோற்றதாகச் சொல்லவில்லை. மறுநாள் காலை புறப்படும்முன் தோட்டத்துக்குப் போய், செடியில் மிச்சமிருந்த பெரிய காய்களாகப் பார்த்துத் தம் கையாலேயே பறித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"இத எங்க மண்டில வச்சுப் பாக்குறேன். கீழ ஒரே மூட்டத்துல வெரசாச் செவந்துரும். அப்பத் தெரியும் எது மனுசன் இருக்கற ஊருன்னு. அதுவரைக்கும் இங்க இருங்க."

ஆக, வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. அவர் பறித்தவை எல்லாம் காம்போரம் சாம்பல் நிறக் கறை படிந்த காய்கள். மனைவியும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். என்னிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. கேட்காத இடத்தில் கருத்துச் சொல்வது முறையும் அல்ல. பையை நானே பேருந்து நிலையம்வரை தூக்கிக்கொண்டுபோய், நசுங்காதபடி இருக்கைக்கு அடியில் வைத்துக் கொடுத்தேன்.

பூசம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, முடிவை அறிவிக்கும் பொறுப்பு பாயிடம் வந்தது. லாரி ஓட்டுநர் அவரிடம் சொல்ல, அவர் வேலிக்கு மேலாக எங்களிடம் சொன்னார்.

"தங்கச்சி, ஒங்கப்பா சொல்லி விட்டாராம். ஒன்னுகூடச் செவக்கலியாம். அம்புட்டும் அழுகி, பக்கத்துல இருந்த வாழத்தாருக்கும் நாத்தம் புடிச்சுப்போச்சாம். கடைல யாரும் மூக்கக் காட்ட முடியலியாம்."

மனைவி என்னைப் பார்த்தாள். "பாத்தீங்களா? இங்க இருந்தா மெதுவாப் பழுக்குது. கீழ போனா அழுகிப்போகுது."

இதை ஒரு முடிவாக எந்த வேளாண்மைத் துறையும் ஏற்றுக்கொள்ளாது. காரணம் இன்னது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் பழனிக்கு அனுப்பிய பதிலில் இந்த வாசகம்தான் போனது. அங்கிருந்து மறுப்பு வரவில்லை.

சித்திரையில் மாமனார் வந்தார். கீழே வெயில் தாங்கவில்லை என்றார். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு தோட்டத்து வெயிலில் உட்கார்ந்திருப்பார். அழைத்துப்போகிற பேச்சை எடுக்கவில்லை. கோடைமழை பெய்து ஓய்ந்த ஒரு நாள், சும்மா இருக்கிறீர்களே, புதுத் தக்காளிச் செடிகளுக்கு மருந்தடியுங்கள் என்று மனைவி கொசு மருந்துப் பம்பை அவர் கையில் கொடுத்தாள். இலையின் மேலே மட்டும் அடித்துக்கொண்டு போனார்.

"அடியிலும் படணும் மாமா" என்றேன்.

"மாப்ள, காயப் பழுக்க வக்கிறதப் பத்தி எனக்கே சொல்றீங்களா?"

அவர் மத்தியானம் தூங்கப் போனதும், மிச்சமிருந்த மருந்தை நான் அடியிலும் அடித்துவிட்டேன்.