ஒரு ஜன்னலுக்கு எவ்வளவு போடுவது

அந்த மின்னஞ்சலை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டிக்கொண்டுதான் வருகிறது. கப்பல் பயணத்துக்கு முழுப் பணமும் கட்டி, ரசீதும் கைக்கு வந்துவிட்ட வாரத்தில் அது வந்தது. 'வாழ்த்துகள், நீங்கள் தகுதி பெற்றிருக்கிறீர்கள்' என்று தொடக்கம். எதற்குத் தகுதி பெற்றேன் என்று கீழே போய்ப் பார்த்தால், இன்னும் பணம் கொடுப்பதற்கு. உங்களுடையதைவிட நல்ல அறை வேண்டுமா, எவ்வளவு தருவீர்கள், நீங்களே ஒரு விலை சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். எங்கள் சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் மீன் விற்பவர்கூட விலையைத் தன் வாயால்தான் சொல்வார். இவர்கள் நம் வாயைக் கிளறிப் பார்க்கிறார்கள்.

விலை சொல்ல ஒரு படம் வேறு. அரை வட்டம், அதன் நடுவில் ஒரு முள். விரலால் தள்ளினால் முள் நகரும். ஆளுக்குத் தொண்ணூறு வெள்ளி, அதாவது டாலர், ஆகக் குறைவு. அங்கே விட்டால் முள் சிவப்பில் நின்றுகொண்டு 'பலவீனம்' என்று காட்டியது. கொஞ்சம் தள்ளினால் மஞ்சள். ஆளுக்கு நானூற்று இருபதுவரை தள்ளினால் பச்சை, 'மிக வலுவான விலை'. அறுபத்திரண்டு வயதில் ஒரு கைப்பேசி என்னைப் பார்த்துப் பலவீனம் என்கிறது, கருமம். சீ போ என்று மூடி வைத்தேன். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் திறந்தேன்.

திறந்ததற்குக் காரணம் என் மனைவி. சாங்கியில் விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் சமையற்கூடத்தில் அவள் இருபத்து மூன்று வருடம் வேலை செய்தாள். குளிரூட்டிய கூடம். நான்கு பக்கமும் வெள்ளைச் சுவர், ஒரு ஜன்னல் கிடையாது. உள்ளே போய்விட்டால் வெளியே வெயிலா மழையா என்று தெரியாதாம். பிடோக் வீட்டுக்குத் திரும்பியதும் காலணியைக் கழற்றிக்கொண்டே, "இன்னைக்கு மழை பேஞ்சிச்சா?" என்று கேட்பாள். நானும் நாள் முழுக்க ஏர்கானில் உட்கார்ந்திருந்தவன். வாய்க்கு வந்ததைச் சொல்வேன்.

அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்குத்தான் இந்தக் கப்பல். நான்கு நாள், பினாங்குவரை போய்த் திரும்புவது. சிராங்கூன் சாலையில் ஒரு பயண ஏஜென்சியில் நானும் அவளும் போய் உட்கார்ந்தோம். அங்கிருந்த பெண், "அங்கிள், உள்பக்க ரூம்தான் சீப்பு. ஆனா ரெண்டு பேருக்கும் சேர்த்து ஐந்நூறு வெள்ளி கூடப் போட்டா பால்கனி கெடைக்கும்" என்றாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் வாயில் நானே ஒன்று போடலாம் போலிருக்கிறது.

"தூங்கப் போற ரூமுக்கு ஜன்னல் எதுக்கும்மா? வீட்டுலேர்ந்து நடந்தா ஈஸ்ட் கோஸ்ட்ல சும்மாவே கடல் இருக்குலா" என்றேன்.

மனைவி மடியில் இருந்த இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்து நீட்டினாள், உள்பக்க அறையே பதிவானது. பத்து நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"அந்த ரூம்ல லைட்ட அணைச்சா பகலா ராத்திரியான்னு தெரியாதுல்ல?"

"தெரியாது. அதான் நல்லாத் தூக்கம் வருமாம்."

"இருபத்து மூணு வருஷம் அப்படித்தாங்க இருந்தேன்" என்றாள். ஒரு சட்டையை மடித்து முடித்துவிட்டு, "நாலு நாளு ஒரு ஜன்னல் இருந்தா நல்லா இருக்கும்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் எனக்கு இது வேண்டும் என்று கேட்டதை எண்ணினால் ஒரு கை விரல் மிச்சமிருக்கும். உடனே ஏஜென்சிக்குப் போன் போட்டேன். பால்கனி அறையெல்லாம் முடிந்துவிட்டது, இனி யாராவது ரத்து செய்கிற அறைகளுக்குக் கப்பல் கம்பெனியே ஏலம் வைத்து மெயில் அனுப்பும், அதில் போட்டுப் பாருங்கள் அங்கிள் என்று அந்தப் பெண் சொன்னாள். அந்த மெயில்தான் இது.

ஏலம் என்றதும் எனக்கு ஒரு தைரியம் வந்தது. முப்பது வருடம் ஊபியில் காடி, அதாவது கார், விற்கும் ஷோரூமில் குப்பை கொட்டியவன் நான். சிங்கப்பூரில் காடி வாங்குகிறவன் காடிக்கு மட்டும் காசு கொடுத்தால் போதாது. அதை வைத்திருக்க அரசாங்கத்திடம் சிஓஇ என்று ஓர் உரிமை எடுக்க வேண்டும். மாதத்துக்கு இரண்டு முறை அதற்கு ஏலம் நடக்கும். வாடிக்கையாளர்களுக்காக ஏலம் கேட்டுக் கொடுப்பதே என் வேலை. அந்த ஏலத்தில் ஓர் அழகு உண்டு. உள்ளே வந்துவிட்ட அத்தனை பேருக்கும் ஒரே விலை, அதுவும் கடைசியாக உள்ளே நுழைந்தவனின் விலையை ஒட்டித்தான். நீ பத்தாயிரம் கூடுதலாகப் போட்டிருந்தாலும் கட்டுவது எல்லோரும் கட்டுகிற அதே தொகைதான். அதனால் பயப்படாமல் மேலே போடுங்கள் சார், சீட்டு உறுதி, விலை எப்படியும் கீழேதான் நிற்கும் என்று எத்தனை பேருக்கு நான் வகுப்பு எடுத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியோடு தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போனபோது, கீழ்த்தளக் கோப்பிக்கடையில் பழைய ஷோரூம் நண்பர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். அவரிடம் கைப்பேசியைக் காட்டினேன். முள்ளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிப் பார்த்து அவர் குலுங்கிச் சிரித்தார்.

"அண்ணே, இது நம்ம சப்ஜெக்ட் லா! கடைசிவரைக்கும் தள்ளுங்க. பச்சையில விடுங்க. கட்டப்போறது என்னமோ கீழ் ரேட்டுதானே."

"அதைத்தான் நானும் நெனச்சேன்" என்றேன்.

பக்கத்தில் கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்த மனைவி, "அப்படின்னு அதுல எழுதியிருக்காங்களா?" என்று கேட்டாள்.

நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பார்த்தோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தோம். "ஏலம்னா ஏலம்தாம்மா, எல்லா எடத்துலயும் ஒரே ரூல்" என்றேன். அறுபது வருடம் ஒண்டிக்கிடந்த இந்தச் சின்னத் தீவின் சட்டம்தான் உலகத்துக்கே சட்டம் என்று நினைத்த மண்டை இது. கீழே எறும்பு அளவில் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்த நிபந்தனைகளில் ஒரு வரியைக்கூட நான் படிக்கவில்லை. அங்கேயே, கோப்பிக்கடை மேசையிலேயே, முள்ளைப் பச்சையின் ஓரம்வரை தள்ளி, கடன் அட்டை எண்ணையும் அடித்து அனுப்பினேன். நண்பர் முதுகில் தட்டிக்கொடுத்தார். மனைவி, "கெடச்சிருமாங்க?" என்று கேட்டாள். அவள் முகத்தில் அப்படி ஓர் ஆசையை நான் பார்த்ததில்லை. "இதுக்கு மேல எவன் போடுவான்?" என்றேன்.

கப்பல் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. எண்ணூற்று நாற்பது வெள்ளி எடுக்கப்பட்டது. ஆளுக்கு நானூற்று இருபது, அப்படியே, ஒரு காசு குறையாமல். ஏதோ தவறு நடந்துவிட்டது என்று கம்பெனிக்குப் போன் போட்டேன். முக்கால் மணி நேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பையன் எடுத்தான்.

"கடைசியா ஜெயிச்ச விலை எவ்வளவு? அதைத்தானே எடுக்கணும்?" என்று கேட்டேன்.

அவனுக்கு நான் கேட்பதே விளங்கவில்லை. மூன்று முறை விளக்கினேன். கடைசியில் அவன் ஆங்கிலத்தில் மிகவும் மரியாதையாகச் சொன்னான்: நீங்கள் எவ்வளவு தருவதாகச் சொன்னீர்களோ, அதைத்தான் எடுத்திருக்கிறோம் சார்.

அடப்பாவி! போனை வைத்துவிட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர்களைப் பார்த்தா என்னைப் பார்த்தா என்று தெரியாமல் ஓர் அருவருப்பு வந்தது. ஐந்நூறு வெள்ளிக்குக் கிடைக்க இருந்த ஜன்னல். அவள் கேட்கும் முன்பே எடுத்துக் கொடுத்திருக்கலாம். அப்போது சிரித்துவிட்டு, இப்போது எண்ணூற்று நாற்பதைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன், அதுவும் நானே வலிய என் விரலால் முள்ளைத் தள்ளி. ஊருக்கெல்லாம் ஏலம் சொல்லிக்கொடுத்தவன்.

மனைவியிடம் மறைக்கத்தான் நினைத்தேன். ஒரு நாள்கூடத் தாங்கவில்லை, கொட்டிவிட்டேன். அவள் மடித்த துணியைப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு, "சரி விடுங்க, போனது போச்சு. ஜன்னல் வந்துச்சுல்ல" என்றாள். அவள் விட்டுவிட்டாள். நான் விடவில்லை.

மரினா முனையத்தில் கப்பல் ஏறினோம். அறை நன்றாகவே இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். கண்ணாடிக் கதவைத் தள்ளினால் இரண்டு நாற்காலி போடுகிற அளவுக்கு ஒரு பால்கனி. கம்பிக்கு அப்பால் முழுக்கக் கடல், தூரத்தில் வரிசையாகச் சரக்குக் கப்பல்கள். மனைவி கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நேரே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முடியெல்லாம் பறந்தது. அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்துப் பால்கனியிலிருந்து ஓர் இளைஞர் எட்டிப் பார்த்து, "தமிழா சார்?" என்று கேட்டார். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே கணினி வேலை பார்க்கிறவர், மனைவியோடு வந்திருந்தார். நல்ல பிள்ளை. ஆனால் அடுத்த வார்த்தையாக நான் கேட்டது, ஏலத்தில் எவ்வளவு போட்டீர்கள் என்பதுதான்.

"மினிமம்தான் சார். தொண்ணூறு. கெடச்சா கெடைக்கட்டும்னு சும்மா போட்டோம்."

 அதே கடல், அதே நாற்காலி, அதே கண்ணாடிக் கதவு, இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்றெண்பது வெள்ளி. மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னாள்.

அன்றிலிருந்து எனக்குக் கப்பலில் எதைப் பார்த்தாலும் அருவருப்பாக இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு கொள்ளாமல் இறாலைக் குவித்துக்கொண்டு பாதியை விட்டுப் போகிறவர்கள், படிக்கட்டில் மறித்துக் கைக்கடிகாரம் விற்கிறவர்கள், தலைக்கு மேலே ஓயாத பாட்டு, தினமும் கதவுக்கு அடியில் தள்ளிவிடும் விளம்பரத் தாள். எண்ணூற்று நாற்பதைத் தொண்ணூற்றாறு மணி நேரத்தால் வகுத்துப் பார்த்தேன், மணிக்கு எட்டே முக்கால் வெள்ளி. அந்தக் கணக்கு என்னைப் பேயாகப் பிடித்துக்கொண்டது. மனைவி கீழே கலை நிகழ்ச்சி பார்க்கலாமா என்று கேட்டால், "பால்கனிய சும்மா போட்டுட்டா?" என்பேன். விடியும் முன்பே அவளை எழுப்பினேன். "எழுந்திரு, சூரியன் வருது, காசு குடுத்திருக்கோம்." அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து உட்காருவாள். உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலியில் நான் இருப்பேன். பக்கத்துப் பால்கனிக்காரர் தொண்ணூறு போட்டதையும், போனில் பேசியவன் மரியாதையாகப் பேசி என் தலையில் மிளகாய் அரைத்ததையும், தேக்காவில் முதுகில் தட்டிக்கொடுத்த நண்பரின் லட்சணத்தையும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்பேன். அவள் ம் ம் என்பாள். பினாங்கு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

கடைசி நாளுக்கு முந்தைய நாள், நான் காலைச் சாப்பாடு முடித்து அறைக்குத் திரும்பியபோது அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பால்கனித் திரையை முழுக்க மூடி வைத்திருந்தாள். அறைக்குள் இருட்டு. டிவிகூடப் போடவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எண்ணூத்து நாப்பது வெள்ளி! திரைய மூடி வெக்கவா? இதுக்கு அந்தப் பழைய ரூமே போதுமே! நீ கேட்டேன்னுதானே நான் இவ்ளோ தண்டம் அழுதேன்?"

'நீ கேட்டேன்னுதானே' என்று என் வாயிலிருந்து வந்ததை நானே கேட்டேன். அவளும் கேட்டாள். கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து போய்த் திரையை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்தாள். காற்று உள்ளே வந்தது. வெளியே இருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றைத் தூக்கி அறைக்குள் வைத்தாள். மற்றதைக் கம்பிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வர்றீங்களா?"

"வெளியவா? எங்க?"

"எங்கயாச்சும். நான் கடலப் பார்க்கணும்."

"நான் இருந்தா என்ன? கண்ண மறைக்கிறேனா?"

"மூணு நாளாப் பார்க்க முடியலீங்க" என்றாள்.

உப்பை எடுத்துக் கொடுங்கள் என்று கேட்கிற அதே குரலில்தான் சொன்னாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் போய் உட்கார்ந்துவிட்டாள், முதுகை எனக்குக் காட்டி, இரண்டு கையையும் கம்பிமேல் வைத்துக்கொண்டு. அவள் தோள் இறங்குவது எனக்குத் தெரிந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கதவு தானாகச் சாத்திக்கொண்ட பிறகுதான் சாவி அட்டையை உள்ளே விட்டது ஞாபகம் வந்தது. தட்டினால் எழுந்து வந்து திறந்திருப்பாள். நான் தட்டவில்லை.