கரடிப் பாட்டும் என் சான்றிதழும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால்தான் பயிற்சியின் இரண்டாம் நாளே மாட்டிக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் மலையூர் பால்வாடியில் நான் ஆயா. சமைப்பது, கழுவுவது, மூக்குச் சிந்திவிடுவது என் வேலை. பாடம் நடத்த டீச்சர் உண்டு. ஆனால் டீச்சர் கீழேயிருந்து பஸ்ஸில் வரவேண்டும். அந்த பஸ் நினைத்தால் வரும், இல்லாவிட்டால் பாதி மலையில் புகை விட்டுக்கொண்டு நிற்கும். டீச்சர் வராத நாளில் ஆயாவே பாட்டும் கதையும் நடத்தவேண்டும் என்று மேலிடத்தில் முடிவு செய்து, எங்களை மலைக்குக் கீழே படவேட்டுப் பக்கம் இறக்கி இருபது நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதன்பிறகு ஒரு அதிகாரி அவரவர் பால்வாடிக்கே வந்து பார்ப்பார். தேறினால் சான்றிதழ், வேலையும் நிலைக்கும். தேறாவிட்டால் வேறு ஆள். எங்கள் வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான்.

பயிற்சி கொடுத்த அம்மா டவுன்காரர். நல்ல மனுஷி, ஆனால் புத்தகத்தில் இருப்பதைத் தாண்டி ஓர் அடி வைக்கமாட்டார். எங்களை வட்டமாக நிறுத்திக் குழந்தைகளாக நடிக்கச் சொல்வார். பேரன் எடுத்தவள்கூட விரல் சூப்பவேண்டும். சிரித்தால் அதட்டு விழும்.

அவர் கற்றுக்கொடுத்ததில் ஒன்று கரடிப் பாட்டு. "கரடி மாமா வந்தாராம், கம்பளி போட்டு வந்தாராம்" என்று ஆடி ஆடி நடந்து, கடைசியில் இரண்டு கையையும் தூக்கி "கரடி!" என்று கத்தவேண்டும். பிள்ளைகள் கைதட்டிச் சிரிக்குமாம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? "அம்மா, எங்க ஊர்ல பலாப்பழ காலத்துல நெஜமாவே கரடி வரும்ங்க. கரடின்னு சத்தம் கேட்டா கையில இருக்கறத போட்டுட்டு ஓடுன்னு புள்ளைங்களுக்குச் சொல்லி வெச்சிருக்கோம். இத பாடுனா ஒரு புள்ள நிக்காதுங்க" என்றேன்.

"இத்தனை பேர் பேசாமதானே இருக்காங்க? உங்களுக்கு மட்டும் என்ன? ஒரு எழுத்து மாத்தக்கூடாது. அதிகாரி வரும்போது நீங்க இந்தப் பாட்டைத்தான் நடத்தணும்" என்றார்.

அந்த நாளும் வந்தது. ஜீப்பிலிருந்து ஃபைலும் கையுமாக அதிகாரி இறங்கினார், பின்னாலேயே பயிற்சி அம்மா. டீச்சரின் பஸ் வழக்கம்போல வரவில்லை. இருபத்திரண்டு பிள்ளைகள் முன்னால் நின்று பாடினேன். கடைசி வரிக்கு வந்ததும் குரல் இழுத்தது. பயிற்சி அம்மா கண்ணை உருட்டினார். வருவது வரட்டும் என்று கையைத் தூக்கி, "கரடி!" என்று கத்தினேன்.

தூக்கிய கையை இறக்குவதற்குள் அறை காலி. வாசற்படியில் ஒரு டவுசர் மட்டும் கிடந்தது.

அடுத்த நிமிஷம் ஊர் ஆண்கள் தடியும் வெட்டுக்கத்தியுமாக ஓடிவந்தார்கள். "எங்க கீது? எந்தப் பக்கம் போச்சு?" வேலிக்கு அப்பாலிருந்து பிள்ளைகள், "உள்ள! உள்ள!" என்று கத்தின. எட்டிப் பார்த்தவர்களுக்கு நாற்காலி மேல் ஏறி நின்ற அதிகாரிதான் தெரிந்தார். "இன்னா ஆயா, இவுரா கரடி?" என்று ஒருவர் கேட்டார்.

பிள்ளைகளை ஒன்றுசேர்த்து எண்ணினோம். இருபத்தொன்றுதான் இருந்தது. நாலு வயதுக்காரி ஒருத்தியைக் காணோம்.

சான்றிதழாவது மண்ணாவது! புதர் புதராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன். பயிற்சி அம்மாவும் முள்ளில் சேலை கிழிய, அழுதுகொண்டே ஓடினார். "நான்தான் கேக்கல, நான்தான் கேக்கல" என்று புலம்பினார். எங்கும் இல்லை.

தண்ணீர் குடிக்கலாம் என்று பால்வாடி சமையலறைக்குள் நுழைந்தேன். சோறு வடிக்கும் பெரிய அண்டாவின் மூடி லேசாக ஆடியது. தூக்கினேன். உள்ளே ஓர் ஓரமாக ஒடுங்கிக்கொண்டு அவள்!

"அடிப்பாவி! ஏண்டி ஓடல?"

"நீ ஓடலியே."

"அதுக்கு?"

"நீயும் வருவன்னு எடம் வுட்டுக் குந்திக்கினு கீறேன்."

பின்னால் வந்து நின்ற அதிகாரி அண்டாவைப் பார்த்தார், என் உடம்பைப் பார்த்தார். "உங்களுக்கு அந்த எடம் பத்தாதும்மா" என்று சொல்லி, நின்றபடியே நான் தேறியதாக ஃபைலில் கையெழுத்துப் போட்டார். ஊரே சிரித்தது, பயிற்சி அம்மாகூட அழுகையோடு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகள் பயந்து ஓடும் என்று தெரிந்துதான் நான் கத்தினேன், என் வேலைக்காக. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் அவள் அம்மா வந்து கேட்கும்வரை இறக்கிவிடவில்லை.