மேலே கல்யாணம், கீழே நான்

கல்யாணம் அயர்லாந்துல, ஒரு பழைய கோட்டையிலன்னு என் பொண்ணு சொன்னதும், டெக்சாஸ்ல கேட்டிங்கற ஊர்ல உக்காந்துக்கிட்டு நான் கேக்காத கேள்வி இல்ல. ஹோமம் வளர்க்க விடுவாங்களா, சமையல் சுத்த சைவமா, எல்லாம் கேட்டேன். "ரிலாக்ஸ்மா"ன்னு ஒரு வீடியோ அனுப்பினா. ட்ரோன்ல எடுத்தது. நேரா பறந்து, மேல்மாடி ஜன்னல் வழியா கல்யாண ஹாலுக்குள்ள நுழைஞ்சுது. நடுவுல படின்னு ஒண்ணு இருக்குமேன்னு யாருக்குத் தோணிச்சு? பால் வாங்கக்கூட கார் எடுக்கற ஜனம் நாங்க.

முகூர்த்தத்தன்னிக்குப் பட்டுப்புடவையோட போய் நின்னா, கோட்டைன்னு பேர்தான். ஒத்தைக் கல் கோபுரம். ஐந்நூறு வருஷம் முன்னாடி எவனோ ஒரு குறுநிலத் தலைவன் கட்டினதாம். கீழ மாடும் தானியமும், மேல அவன் குடும்பம். அப்புறம் கூரை விழுந்து காக்கா அடைஞ்சு கிடந்ததை யாரோ வாங்கிச் சரி பண்ணி, கல்யாணத்துக்கு வாடகைக்கு விடறாங்க. படியை மட்டும் தொடல. எதிரி ஏறி வரக்கூடாதுன்னே ஒரு ஆள் அகலத்துல, சுழிச்சு சுழிச்சு, ஒண்ணு உசரம் ஒண்ணு தாழ்வா வெச்சிருக்கான் பாவி.

ஆபரேஷன் பண்ணின முட்டியோட நாலு படி ஏறினேன். அதுக்கு மேல கால் மடங்கல. நாற்காலியில தூக்கப் பாத்தாங்க, வளைவுல நாற்காலி திரும்பல. பழைய கட்டடமாம், லிஃப்ட் வைக்க அரசாங்கம் விடாதாம். மணமேடையைக் கீழ இறக்கலாம்னா கீழ்த்தளத்துல இப்போ மது விக்கற பார். வெளியே ஒரே மழை.

தாரை வார்க்கறப்போ அப்பா பொண்ணு கையைப் பிடிப்பார், அம்மாதான் தண்ணி ஊத்தணும். அந்த ஒரு சொம்புத் தண்ணிக்காகத்தான் கடல் தாண்டி வந்தேன். பொண்ணு மாலையோட இறங்கி வந்து, மை கலைய அழுதா. "வீ கேன் வெயிட், அம்மா"ன்னா. முகூர்த்தம் வெயிட் பண்ணுமா? என் தங்கச்சியும் அவ வீட்டுக்காரரும் தாரை வார்க்கட்டும்னு நானே சொன்னேன். கூடவே நின்ன என் வீட்டுக்காரரையும், அவளுக்கு நம்மள்ல ஒருத்தராவது வேணும், போங்கன்னு விரட்டினேன். தங்கச்சி தங்கமானவதான். இருந்தாலும் அவ சொம்போட ஏறிப் போனதைப் பாத்து எனக்கு வயிறு எரிஞ்சுது.

வாசல்ல ஒரு ஸ்டூல் போட்டு என்னை உக்கார வெச்சாங்க. யாரோ கையில அட்சதையைத் திணிச்சுட்டுப் போனாங்க. ஃபோன்ல லைவ் சுத்திக்கிட்டே இருந்துது. அந்தச் சுவருக்குள்ள சிக்னல் எங்க வரும். அண்ணாந்து பாத்தா தலைக்கு மேல ஒரு ஓட்டை. உள்ள நுழையற எதிரி தலையில கல்லைப் போட வெச்சதாம். அது வழியா, ஸ்பீக்கர்ல போட்ட கெட்டிமேளம் தெளிவா கேட்டுது. தாலி ஏறுது. எழுந்து நின்னு, கையில இருந்த அட்சதையை அந்த ஓட்டையைப் பாத்து வீசினேன். அத்தனையும் திரும்பி என் தலையிலேயே விழுந்துது.