ரொசாந்தாவின் அச்ச விதிகள்

செர்பியாவின் தெற்கே, மொராவா ஆற்றை ஒட்டிய அந்தச் சிற்றூரில் ரத்தக்காட்டேரிக்குச் சட்டம் எழுதியவள் ரொசாந்தா. வயது நாற்பத்தாறு. குடைமிளகாயைச் சுட்டு, தோலுரித்து, அரைத்துப் புட்டியில் அடைக்கும் தொழிற்சாலையில் பதினேழு வருடமாக வேலை. கட்டியவன் வியன்னாவுக்குப் போய் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். அதைப் பற்றி யாராவது இரக்கமாகப் பேச வந்தால் "தொல்லை விட்டது" என்று முடித்துவிடுவாள். நகராட்சி நூலகத்தில் வரலாறு, அறிவியல் அலமாரிகளை இரண்டு முறை முடித்தவள்.

சனிக்கிழமை மதியம் ஆனதும் தீயணைப்பு நிலையத்து மாடியில் இருக்கும் சதுரங்க மன்றத்துக்குப் போய்விடுவாள். கிழவர்கள் முன்பக்கம் காய் நகர்த்த, பின்பக்க மேசையில் ஐந்து பேர் கதையாட்டத்துக்கு உட்காருவார்கள். ஆளுக்கொரு பாத்திரம். ஒருவன் பாதிரியார், ஒருத்தி மருத்துவச்சி, ஒருவன் காட்டேரி. பேச்சிலேயே கதை நகரும், சிக்கலான இடத்தில் பகடை முடிவு சொல்லும். கதையை நடத்துபவள் ரொசாந்தா. விதிகள் மூன்று பள்ளிக்கூட நோட்டுகளில் அவள் கைப்பட எழுதியவை.

"சாமியும் இல்லைங்கற, பேயும் இல்லைங்கற, அப்புறம் என்னத்துக்குடி வாராவாரம் காட்டேரிய கூட்டிட்டு வந்து உக்கார வைக்கிற?" என்று ரொட்டிக் கடைக்காரி ஒரு நாள் கேட்டாள்.

"நம்புறவ பேயப் பார்த்தா ஓடிருவாக்கா. நான்தான் அது எத்தனை அடி தூரத்துல இருந்து பயமுறுத்தும்னு அளந்து பார்ப்பேன்."

வேடிக்கைக்குச் சொன்னது இல்லை அது. முந்நூறு வருடத்துக்கு முன் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் மாடு செத்தாலும் பிள்ளை செத்தாலும் ஜனங்கள் கல்லறையைத் தோண்டிப் பிணத்தின் நெஞ்சில் மரமுளை அடித்தார்கள். அதைப் படித்தபோது ரொசாந்தாவுக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வரி என்ற பெயரில் வீட்டைச் சுரண்டியவன் நெஞ்சில் ஒரு குண்டூசிகூடக் குத்தத் துணியாதவர்கள் பிணத்தைக் குத்தினார்கள். பிணம் திருப்பி அடிக்காது அல்லவா! அச்சம் எங்கிருந்து வருகிறதோ அங்கே போகாமல் இளைத்த இடத்தில் போய் இறங்குகிறது என்று அவள் நோட்டின் ஓரத்தில் எழுதிவைத்தாள்.

அவளுடைய விதிப்படி காட்டேரியின் அச்ச சக்திக்கு மூன்று படி. முதல் படி வாயடைப்பு: எதிரில் இருப்பவனுக்குப் பேச்சு வராது. இரண்டாவது காலுறைவு: நகர முடியாது. மூன்றாவது ஓட்டம்: கூட்டாளியை விட்டுவிட்டு ஓடியே தீர வேண்டும். நெஞ்சுரத்துக்குப் பகடை உருட்டித் தப்பிக்கலாம். ஆனால் அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விதி வேறு. ஒவ்வொரு படிக்கும் காட்டேரி தன் ரத்தத்தைச் செலவழிக்க வேண்டும். முதல் படிக்கு ஒரு துளி, அடுத்ததற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று. ரத்தம் தீர்ந்தால் அது பசியில் வெளியே வந்தாக வேண்டும், வெளியே வந்தால் மாட்டும். இனாமாக யாரையும் பயமுறுத்த முடியாது.

அந்த நல்ல விதியை அவர்களே கெடுத்துக்கொண்டார்கள். எந்த விளையாட்டு மேசையிலும் இப்படி ஒரு வழக்கம் நுழைந்துவிடும். நன்றாக நடித்தவனுக்குச் சலுகை. யாராவது உடம்பு சிலிர்க்கிற மாதிரி பேசிவிட்டால் ரொசாந்தா மேசையை இரண்டு முறை தட்டுவாள். "மன்னிப்பு" என்று அர்த்தம், ரத்தம் கழிக்க வேண்டாம். இரண்டு வருடமாக அந்தத் தட்டு முழுவதும் ஒருவனுக்கே விழுந்தது. அவன் பெயர் விதோமிர். காட்டேரியாக ஆடுபவன். அவள் தொழிற்சாலையில் மேஸ்திரி.

விதோமிர் கத்த மாட்டான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பான். எதிரில் இருப்பவனை முழுப்பெயர் சொல்லி, அப்பன் பெயரையும் சேர்த்துக் கூப்பிடுவான். பிறகு வீட்டில் ஒருவரைப் பற்றி அன்பாக ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பான்.

செப்டம்பரின் முதல் சனிக்கிழமையன்று பாதிரியார் பாத்திரத்தை அப்படித்தான் மடக்கினான். பாதிரியாராக ஆடுபவர் ஒப்ரேன், உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் வாத்தியார், வாய் சும்மா இருக்காத மனிதர்.

"பாதிரியாரே, உங்க தங்கச்சி இன்னும் ஆத்தோரம் தனியாத்தான் துணி துவைக்குதா?" என்றான் விதோமிர். அவ்வளவுதான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

முன்பக்கம் சதுரங்கக் கிழவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஒப்ரேன் நெஞ்சுரத்துக்கு உருட்டிய பகடை கைவிட்டது.

"அடப்பாவி! எனக்குத் தங்கச்சியே கிடையாது, எனக்கே வயித்தக் கலக்குதே!" என்றார் ஒப்ரேன். எல்லாரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். ரொசாந்தா மேசையை இரண்டு முறை தட்டினாள்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை யாகொதாவின் கை, மிளகாயை இழுத்துக்கொண்டு ஓடும் இயந்திரப் பட்டையில் சிக்கியது.

யாகொதா இருபத்தொன்பது வயதுப் பெண், மிளகாய்க் காம்பு வெட்டும் இயந்திரத்தில் ரொசாந்தாவுக்கு எதிர்ப்பக்கம் நிற்பவள். அறுவடைக் காலத்தில் டிராக்டர்கள் வாசலில் வரிசை கட்டி நிற்கும். பட்டை வேகமாக ஓட வேண்டும் என்று விதோமிர் காலையில் தன் கையாலேயே திருகு கழற்றி, இரும்புத் தடுப்பை எடுத்துச் சுவரோரம் சாய்த்துவைத்தான். தடுப்பு இருந்தால் மிளகாய் அடைத்துக்கொள்கிறதாம். ரொசாந்தா அதைப் பார்த்தாள். அங்கே நின்ற இன்னும் இரண்டு பெண்கள் பார்த்தார்கள். பதினோரு மணிக்கு யாகொதாவின் வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கின. மிளகாய்ச் சாறும் ரத்தமும் ஒரே நிறமாக இருந்ததால், அவள் அலறாமல் இருந்திருந்தால் பட்டை இன்னும் ஓடியிருக்கும்.

மருத்துவமனை தொழிலாளர் துறைக்குத் தகவல் கொடுத்தது. வியாழக்கிழமை தொழிலாளர் ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்தது. அதற்கு முந்தின நாள், புதன்கிழமை, யாகொதா கட்டுப்போட்ட கையோடு வரவழைக்கப்பட்டாள். அலுவலகத்தில் வைத்துப் பேசியிருக்கலாம். விதோமிர் அவளைப் பட்டையருகே, எல்லாப் பெண்களுக்கும் நடுவில் நிறுத்தினான். கையில் ஒரு காகிதம். கழற்றக் கூடாது என்று உத்தரவு இருந்தும் யாகொதா தானாகவே தடுப்பைக் கழற்றிச் சுத்தம் செய்தாள் என்று அதில் இருந்தது. அதில் கையெழுத்து விழுந்தால் அது வேலையிடத்து விபத்தே இல்லை. மருத்துவம், முழுச் சம்பளம், விரல் போனதற்கு இழப்பீடு எதுவும் கிடையாது. கை குணமானதும் வேலையை விட்டு வீட்டுக்குப் போகலாம்.

"நான் கழட்டலியே மேஸ்திரி" என்றாள் யாகொதா.

விதோமிர் கண்ணாடியைக் கழற்றினான். துடைத்தான். அவள் முழுப்பெயரை, அப்பன் பெயரோடு சொன்னான்.

"உன் தம்பி பேக்கிங்லதானே இருக்கான்? இந்த மாசத்தோட ஒப்பந்தம் முடியுதுல்ல? நல்ல பையன்."

பிறகு சும்மா இருந்தான்.

ரொசாந்தாவுக்குக் கேட்டவுடன் தெரிந்தது. அது அவன் சனிக்கிழமைக் குரல். அதே துடைப்பு, அதே இடைவெளி. அவள் கைதட்டி, மேசையைத் தட்டி, இரண்டு வருடம் சாணை பிடித்துக் கொடுத்த கத்தி. யாகொதாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வாயடைப்பு. தடுப்பைக் கழற்றியதைப் பார்த்த அந்த இரண்டு பெண்களும் கையிலிருந்த மிளகாயோடு அப்படியே நின்றார்கள். காலுறைவு. "யோசிச்சு நாளைக்குள்ள போட்டுக் கொடு" என்று அவன் காகிதத்தை மடித்து அவள் சட்டைப்பையில் செருகியபோது ரொசாந்தா தானும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை உணர்ந்தாள்.

மத்தியான இடைவேளையில் அந்த இரண்டு பெண்களிடம் போனாள்.

"நாம மூணு பேரும் பார்த்தோம். நாளைக்குப் போய்ச் சொல்லணும்."

"எனக்கு ரெண்டு புள்ளைங்க ரொசாந்தா" என்றாள் ஒருத்தி. மற்றவள் எழுந்து கழிப்பறைப் பக்கம் போனாள், கிட்டத்தட்ட ஓடினாள். மூன்றாவது படி.

அவர்கள்மேல் கோபம் வரவில்லை. இந்தச் சக்தி கல்லறையிலிருந்து வந்தது இல்லை. ஒப்பந்தத்தை மாதாமாதம் புதுப்பிக்கும் ஏற்பாட்டிலிருந்து வந்தது. ஊரில் வேறு தொழிற்சாலை இல்லை என்பதிலிருந்து வந்தது. கழுத்தைக் கடிக்கத் தேவையே இல்லாத காட்டேரி!

சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் ஒப்ரேனைப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நம்ம மேசையில வளர்த்த பாம்பு வாத்தியாரே. நான்தான் தட்டித் தட்டி வளர்த்தேன்."

"ரொம்பப் பெருமையடிச்சுக்காத" என்றார் ஒப்ரேன். "அவன் அங்க கத்துக்கிட்டதத்தான் இங்க வந்து நடிச்சான். நாம நடிப்புன்னு நெனச்சுக் கை தட்டினோம். என் ஆய்வுக்கூடத்துல பையன் புகைய விட்டா நான் கை தட்ட மாட்டேன், ஜன்னலத் தொறப்பேன். நீ அவனுக்கு ரத்தத்த மன்னிச்சு விட்ட, அதுதான் உன் தப்பு. அவனுக்கு அங்கயும் செலவில்ல, இங்கயும் செலவில்ல."

"செலவு வைக்கிறேன்" என்றாள்.

"எப்படி?"

"தெரியல. ஆனா வைக்கிறேன்."

வியாழன் காலை பத்து மணிக்கு உணவுக்கூடத்தில் விசாரணை. ஆய்வாளர் ஜலதோஷம் பிடித்த ஒரு நடுவயதுப் பெண், கைக்குட்டையும் படிவமுமாக உட்கார்ந்திருந்தாள். யாகொதா மேசையின் ஓரத்தில், காகிதம் இன்னும் கையெழுத்தாகாமல் அவள் முன்னால் கிடந்தது. விதோமிர் காபிப் பாத்திரத்தின் பக்கத்தில் நின்றான். நிர்வாகத்தின் சார்பில் நிற்கிறானாம்.

"சீக்கிரம் சொல்லுங்க, எனக்கு இன்னும் ரெண்டு இடம் போகணும்" என்றாள் ஆய்வாளர். "சாட்சி யாராவது உண்டா?"

"நான்" என்று ரொசாந்தா எழுந்தாள். "தடுப்பக் கழட்டினது மேஸ்திரி. செவ்வாய்க்கிழமை காலைல, ஏழு மணி மணியடிச்ச ஒடனே. நாலு திருகு. கழட்டி ஜன்னல் பக்கத்துச் சுவத்துல சாய்ச்சாரு."

பின்னால் கண்ணாடி துடைக்கும் துணியின் சரசரப்பு கேட்டது. திரும்பாமலே தெரிந்தது. அவள் முழுப்பெயர் வந்தது. அப்பன் பெயரும்.

"உன் அக்கா வீட்டு மச்சான் நம்ம லாரிதானே ஓட்டுறாரு ரொசாந்தா? முதுகுவலி எப்படி இருக்கு அவருக்கு?"

வாயடைப்பு. விதி எழுதியவள் என்று அவளை அது விட்டுவிடவில்லை. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. பிறகு ஆய்வாளரின் பேனாவைப் பார்த்தாள்.

"அவர் இப்ப கேட்டாரே, அதையும் எழுதுங்கம்மா."

"சும்மா நலம் விசாரிச்சாரு" என்றாள் ஆய்வாளர்.

"சும்மா விசாரிச்சதையே எழுதுங்க. சாட்சி பேசும்போது, சாட்சியோட மச்சான் வேலையப் பத்தி மேஸ்திரி விசாரிச்சார்னு. மணி பத்து பன்னெண்டு."

ஆய்வாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டு விதோமிரை நிமிர்ந்து பார்த்தாள். எழுதினாள்.

"என்ன ரொசாந்தா, சனிக்கிழமை ஆட்டம்னு நெனச்சியா?" என்று விதோமிர் சிரித்தான். "நம்ம எல்லாரும் இதே ஊர்லதான் இருக்கப் போறோம்."

"அதையும் எழுதுங்க."

பேனா ஓடியது.

"உனக்கு இந்த வயசுல வேற எவன் வேலை கொடுப்பான்னு பார்க்கிறேன்!" முதன்முறையாக அவன் குரல் உயர்ந்தது.

"இது கொஞ்சம் நீளம். மெதுவா எழுதிக்குங்கம்மா."

அவன் இன்னொரு வார்த்தைக்கு வாயைத் திறந்தான், படிவத்தில் நிரம்பிக்கொண்டிருந்த வரிகளைப் பார்த்தான், மூடிக்கொண்டான். "மேஸ்திரி, நீங்க வெளிய போய் நில்லுங்க" என்றாள் ஆய்வாளர். அவன் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

யாகொதா தன் முன்னால் கிடந்த காகிதத்தை இடது கையால் எடுத்துக் கசக்கினாள். ஒற்றைக் கையால் சரியாகக் கசங்கவில்லை, மேசையில் வைத்து அழுத்தினாள். "என் தம்பி வேலை போனா போகட்டும்கா. அவனே சொல்லிட்டான்" என்றாள். அழவில்லை.

"நேர்ல பார்த்த சாட்சி ஒண்ணு போதும்" என்று ஆய்வாளர் படிவத்தைத் திருப்பி வைத்தாள். "இங்க ஒரு கையெழுத்து."

ரொசாந்தாவின் கை நடுங்கியது. அடக்கப் பார்த்தாள், அடங்கவில்லை. கோழி கிளறியது போல ஒரு கோடு விழுந்தது. ஆய்வாளர் அடையாள அட்டையையும் படிவத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"இது உங்க கையெழுத்து மாதிரி இல்லையே. நாளைக்கு இதையே காரணம் காட்டித் தள்ளிருவாங்க."

"பயத்துல போட்டா என் கையெழுத்து இப்படித்தான் இருக்கும்" என்றாள் ரொசாந்தா. "யாரப் பார்த்துப் பயந்தேன்னு பக்கத்துல எழுதுங்க. அதுக்கும் கீழ இன்னொரு கையெழுத்துப் போடுறேன்."

ஆய்வாளர் பேனாவை உதறி மை வரவைத்து, விதோமிரின் பெயரைக் கேட்டாள். ரொசாந்தா அவன் அப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னாள்.