ஏரிக்கோடியில் அடுக்கிய மூட்டைகள்

காரிமங்கலத்திலிருந்து நான்கு மைல் தள்ளிச் சின்னேரியின் கீழ் ஒன்றரை ஏக்கர் நிலம் வைத்திருக்கும் கிருஷ்ணப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. நாலு தூறல் விழுந்தால் போதும், மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏரிக்கோடிக்குப் போய்விடுவார். ஏரி நிரம்பிய பின் மிஞ்சும் நீர் வழிந்தோடுவதற்காகக் கரையின் வடமுனையில் கட்டிய தாழ்வான கற்சுவரைத்தான் அங்கே கோடி என்பார்கள்; அதன்மேல் நீர் வழிந்தால் கோடி போகிறது என்பார்கள். அதன்மேல் முள்செடி முளைத்திருந்தால் பிடுங்குவார். கல் உருண்டு கிடந்தால் அகற்றுவார். ஏரி வறண்டு கிடக்கும் சித்திரை மாதத்திலும் அவர் அங்கே நிற்பதைப் பார்த்து ஊரார் சிரிப்பதுண்டு.

"என்னங்கண்ணா, வெயிலு கோடி போவுதுங்களா?" என்று டிராக்டர் ஓட்டும் மாதேஷ் ஒருமுறை கேட்டார். கிருஷ்ணப்பன் அடுத்த முள்செடியைப் பிடுங்கினார்.

முன்பெல்லாம் அவர் இப்படி இருந்ததில்லை. தண்ணீர் இல்லாமைதான் அவர் அறிந்த ஒரே துன்பம். மூன்று முறை ஆழ்துளைக் கிணறு போட்டார். மூன்றாவதில் தொள்ளாயிரம் அடிக்குக் கீழேயும் கல்தூள்தான் பறந்தது. வெள்ளம் என்பது அவருக்குத் தொலைக்காட்சியில் வேறு ஊர்களுக்கு வரும் செய்தி. தண்ணீருக்கு ஏங்கத் தெரிந்த அவருக்கு, அதைக் கண்டு அஞ்சத் தெரிந்திருக்கவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கார்த்திகையில் ஒரு புயல் வந்தது. மூன்று நாள் விடாத மழையில் சின்னேரி பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு நிரம்பியது. ஊரே திரண்டு போய்க் கோடியில் மஞ்சள் குங்குமம் தூவிக் கிடா வெட்டிக் கும்பிட்டது. கிருஷ்ணப்பன் நீரை இரு கையாலும் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆனால் நண்பகலுக்குள் அந்த மகிழ்ச்சி அவரை உறுத்தத் தொடங்கிவிட்டது. கோடியைத் தாண்டிய நீரெல்லாம் பக்கத்து ஊர் ஏரிக்கல்லவா போகிறது? இன்னும் ஒரு முழம் உயர்த்தி நிறுத்தினால் பங்குனி வரை பாய்ச்சலாமே! வீட்டிலிருந்த காலிச் சாக்குகளில் மண்ணை நிரப்பி, மாதேஷின் டிராக்டரில் ஏற்றிவந்து, கோடியின்மேல் இரண்டு வரிசை அடுக்கினார். யாரும் தடுக்கவில்லை. கைகொடுத்தவர்கள்கூட உண்டு.

அன்று மாலை நான்கு மணிக்குச் சவுரியப்பன் வந்தார். கிருஷ்ணப்பனோடு ஒரே பள்ளியில் படித்தவர். காரிமங்கலத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தார். மனைவி ஞானம்மாளோடு அவர் குடியிருந்த வீடு ஏரிக்கரைக்கு நேர் கீழே, பள்ளத்தில் இருந்தது.

"கிருஷ்ணப்பா, அந்த மூட்டைய எடுத்துப் போட்டுருப்பா. கரைக்கு இந்தப்பக்கம் தண்ணி கசியுது."

"ஏன்டா சவுரி, கோடிய அடைச்சதுல மீனு வரலைன்னு வயித்தெரிச்சலா உனக்கு?"

"மீனு கெடக்கட்டும்டா. வந்து பாரு."

போய்ப் பார்த்தார். கரையின் வெளிச்சரிவில், புல்லுக்கு நடுவே, விரல் பருமனில் நீர் வந்துகொண்டிருந்தது. முந்தைய கோடையில் கரைமேலிருந்த கருவேல மரங்களை இயந்திரம் வைத்து வேரோடு பிடுங்கியபோது உண்டான குழிகளில் வெறும் பொலபொலப்பான மண்ணைத்தான் தள்ளி மூடியிருந்தார்கள். இது கிருஷ்ணப்பனுக்குத் தெரியும். சவுரியப்பன் அந்த நீரை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார்.

"தெளிவா வந்தாப் பரவால்ல. கலங்கி வருது பாரு. உள்ள மண்ணக் கரைக்குது."

"சரிடா, விடிஞ்சதும் எடுத்துடறேன். ஒரு ராத்திரியில என்ன ஆவப் போவுது?"

"எடுத்துடுவியா?"

"எடுக்கறேன்டா, போ."

மழை அதற்குள் விட்டுவிடும், மூட்டைகளை எடுக்கத் தேவையிருக்காது என்பதே அப்போது அவர் மனத்திலிருந்த எண்ணம். அதை அவர் சொல்லவில்லை.

மழை விடவில்லை. மேட்டுப்பகுதியில் இரண்டு குட்டைகள் உடைந்து அந்த நீரும் சேர்ந்து வந்தது. காலை ஆறரை மணிக்குக் கிருஷ்ணப்பனும் சவுரியப்பனும் கோடியில் இடுப்பளவு நீரில் நின்று மூட்டைகளை இழுத்தார்கள். நீரின் அழுத்தத்தில் அவை கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டிருந்தன. மூன்றுதான் வந்தன. நான்காவதைப் பிடித்திருந்தபோது தெற்கே கரைப்பக்கம் மண்சுவர் சரிவது போன்ற ஓசை கேட்டது. சவுரியப்பன் மூட்டையை விட்டுவிட்டு வீட்டை நோக்கி ஓடினார்.

ஞானம்மாளைப் பக்கத்து மாடி வீட்டில் ஏற்றிவிட்டார். கட்டியிருந்த இரண்டு மாடுகளை அவிழ்க்கத் திரும்பினார். ஒரு மாடு மேடேறி வந்தது. சவுரியப்பனின் உடலை மறுநாள்தான் கண்டெடுத்தார்கள்.

ஏரி வடிந்த பிறகு, கோடியிலிருந்த மீதி மூட்டைகளைக் கிருஷ்ணப்பன் ஒருவராகவே எடுத்தார். இப்போது அவை சுலபமாக வந்தன. விசாரிக்க வந்த அதிகாரிகள், பெருமழையால் கரை உடைந்தது என்று எழுதிக்கொண்டார்கள். அது பொய்யில்லை. அவர்கள் எழுதும்போது தாள் நனையாமல் குடை பிடித்து நின்றவர் கிருஷ்ணப்பன்.

ஊர் மறந்தது, கரையும் புதிதாக எழும்பியது. ஞானம்மாளிடம் சொல்லாத ஒன்று மட்டும் அவர் நெஞ்சில் கிடந்தது. மேட்டில் குடியேறிவிட்ட ஞானம்மாளின் வீட்டிற்கு வாரம் ஒருமுறை தீவனக்கட்டோ கத்தரிக்காயோ கொண்டுபோவார், வாசலில் வைப்பார், சொல்ல வாயெடுப்பார், வந்துவிடுவார்.

இந்த ஐப்பசியில் மழை பிடித்த மூன்றாம் நாள், தீவனக்கட்டை இறக்கிய கையோடு சொல்லிவிட்டார்.

"ஞானம்மா, மூட்டைய எடுக்கச் சொல்லி சவுரி முந்தின நாளே கேட்டான். நான்தான் விடிஞ்சதும் எடுக்கறேன்னு அனுப்பிட்டேன்."

ஞானம்மாள் மாட்டுக்குத் தீவனத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"தெரியுங்கண்ணா. அவரு சொன்னாரு."

இன்னொரு பிடித் தீவனத்தை மாட்டின் முன் போட்டார்.

"அன்னிக்கு சாயங்காலம் துணிமணியெல்லாம் கட்டி வெச்சிட்டேன், பள்ளிக்கூடத்துல போயி படுத்துக்கலாம்னு. மாட்டையும் மேல ஓட்டிக் கட்டலாம்னேன். அவருதான் வேணாம்னாரு. 'கிருஷ்ணப்பன் எடுக்கறேன்னு வாயால சொல்லிட்டான், நீ பேசாம படு'ன்னாரு."

வேலையைத் தள்ளிப்போட்டதுதான் தம் குற்றம் என்று இரண்டு ஆண்டுகளாக எண்ணியிருந்தார் கிருஷ்ணப்பன். தம் சொல்லை நம்பி அவர்கள் அந்தப் பள்ளத்திலேயே தங்கினார்கள் என்பது அவருக்கு இன்றுதான் தெரிந்தது. ஞானம்மாள் ஆறுதலாக எதையும் சொல்லவில்லை, ஏசவுமில்லை. கூரையில் மழை வலுத்தது.

"இன்னிக்குக் கோடியப் பாத்தீங்களா?" என்று ஞானம்மாள் கேட்டார்.

"காலையில பாத்தேன்."

"இன்னொருக்கா பாருங்க."

கிருஷ்ணப்பன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். ஏரியில் பாதிக்குமேல் நீர் இருந்தது. கோடிக்கல்லின் மேல் ஒரு காய்ந்த பனையோலை குறுக்கே விழுந்து கிடந்தது. அதை எடுத்துத் தூர எறிந்தார். வேறு ஏதாவது கிடக்கிறதா என்று ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, நனைந்த கல்லைக் கையால் தடவிக்கொண்டே போனார்.